ராத்திரி ஷிப்டுக்குச் சமைப்பது

மணலி பக்கம் ஓர் ஆலையின் கேண்டீனில் சமையல் மேற்பார்வை என் வேலை. மூன்று ஷிப்ட். பகல்காரர்களுக்குச் சமைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, இறக்கின சூட்டோடு பரிமாறிவிடலாம். தலைவலி ராத்திரி ஷிப்ட்தான். ஒன்பது மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு மாஸ்டர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆட்கள் சாப்பிட வருவது ஒரு மணிக்கு. அதற்குள் ஹாட் பாக்ஸில் இருக்கும் உப்புமா கட்டியாகும், சாம்பார் களியாகும், பீன்ஸ் பொரியல் நிறம் செத்துப்போகும். "பகல்காரனுக்குச் சாப்பாடு, எங்களுக்கு மிச்சமா?" என்று ஓர் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு டீ மட்டும் குடித்துப் போனார். நியாயமான கோபம்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு கேண்டீன் பற்றி ஒரு பிரிவு இருந்தது. சமையலறை எப்படி இருக்கணும், விலையை யார் தீர்மானிக்கணும் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. நடுராத்திரி உப்புமா எப்படி இருக்கணும் என்பதற்கு இல்லை. கேட்டரிங் படிப்பிலும் அது வரவில்லை. எனக்கு அது தெரிந்தது தண்டையார்பேட்டையில், எங்கள் அம்மாவின் சமையல்கட்டில்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை, ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். "இன்னா செய்யட்டும்?" என்று அம்மா கேட்டதாக நினைவில்லை. "எத்தினி மணிக்குத் துன்னுவ?" என்பதுதான் கேள்வி. பதிலைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். எங்களுக்குச் சுடச்சுடப் போடும் உப்புமாவுக்கு ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். அப்பா டப்பாவுக்கு என்றால் மூன்றுக்கும் மேல், எண்ணெயும் கொஞ்சம் கூட. டப்பாவில் ஊற்றும்போது கூழ் மாதிரிதான் இருக்கும். ரவை போகப்போகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அவர் திறக்கும் நேரத்துக்குப் பதமாகியிருக்கும். தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து, தயிர் ஒரு ஸ்பூன்தான். வெயில் காலத்தில் அப்பாவின் பொரியலுக்குத் தேங்காய் கிடையாது, எங்களுக்கு உண்டு. சின்ன வயதில் அது ஓரவஞ்சனையாகப் பட்டது. தேங்காய்தான் முதலில் ஊசிப்போகும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

ராத்திரி ஷிப்ட் என்றால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கும், வஞ்சிரத்தின் பக்கம் போகவே முடியாது. அந்த மாதங்களில் கருவாடுதான் குடித்தனத்தை ஓட்டும். ஆனால் மீன் மலிவாகக் கிடைக்கும் நாளிலும் டப்பாவுக்கு அம்மா கருவாட்டையே எடுப்பாள். கத்திரிக்காய் முக்கால் பதம் வெந்த பிறகே புளியைக் கரைத்து ஊற்றுவாள். முன்னாடியே ஊற்றினால் காய் வேகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். ஆற ஆறப் புளியும் காரமும் உள்ளே இறங்கி, நடுராத்திரியில் அது வேறு குழம்பாகியிருக்கும்.

இதையெல்லாம் கேண்டீனுக்குக் கொண்டுபோனபோது அப்படியே பெருக்க முடியவில்லை. நான்கு பேர் அளவை நூறால் பெருக்கினால் சாம்பார் நீர்த்துப்போகும், ஏனென்றால் அண்டாவில் அந்த விகிதத்துக்கு ஆவி போகாது. இறக்கிய பிறகும் அண்டா வெகுநேரம் உள்ளுக்குள் வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதனால் ராத்திரிச் சாம்பாருக்கு முருங்கைக்காயை நறுக்கென்று இருக்கும்போதே இறக்கச் சொன்னேன். மாஸ்டர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். "சார், பச்சையா இருக்குன்னு நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றார். ஒரு மணிக்கு அவரையே கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறினேன். சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சொல்லாமலே இறக்கினார்.

பருப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு நாள் ஆர்.ஓ. இயந்திரம் பழுதாகி, பிள்ளைகள் போர் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டார்கள். எத்தனை விசில் வைத்தும் மசியவில்லை. மளிகைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று போனில் சண்டையே ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவில் அடிபம்புத் தண்ணீர் பாத்திரம் கழுவ, துணி துவைக்க. பருப்புக்கு மட்டும் லாரித் தண்ணீரில் ஒரு குடத்தை அம்மா தனியாக மூடி வைத்திருப்பாள், அதைத் தொட்டால் அடிதான். உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து பருப்பை இளகவிடாது என்பது நான் பின்னால் படித்தது. காரணம் தெரியாமலே அவள் குடத்தைப் பிரித்து வைத்திருந்தாள். கேன் தண்ணீர் வாங்கி அதே மூட்டைப் பருப்பை வேகவைத்தோம், வெண்ணெயாக மசிந்தது. மளிகைக்காரரிடம் சமாதானம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

மீன் குழம்பு மட்டும் எனக்கு வசப்படவில்லை. நான்கு மணி நேரம் ஹாட் பாக்ஸில் இருந்தால் சங்கரா உதிர்ந்து முள்ளும் குழம்புமாகிவிடுகிறது. இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்தும்கூட. அதனால் ராத்திரிக்கு அவித்த முட்டையைக் கீறிப்போட்டு அதே மசாலாவில் குழம்பு வைக்கிறோம். நன்றாகவே போகிறது. அம்மாவிடம் சொன்னேன். மாங்காய் போட்டியா என்று கேட்டாள், போட்டேன் என்றேன். "அப்ப சரி, ஆனா மீன் குழம்புன்னு மட்டும் போர்டுல எழுதிராத" என்றாள்.