மகனின் மேலதிக நேரம்

2025 ஜூன் 3, செவ்வாய்

வரலாறு வகுப்புப் பரீட்சை விடைத்தாள் வந்தது. ஐந்து கேள்வியில் மகன் இரண்டுதான் எழுதியிருக்கிறான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஐந்தையும் வாயால் கேட்டேன். ஆங்கிலேயர் காலத்து 1833 கோல்புறூக் சீர்திருத்தத்தைக் காரணம், விளைவு என்று பிரித்துப் பிரித்துச் சொன்னான். அறிவு இருக்கிறது, தாளுக்கு இறங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

'கொடி' என்று எழுதச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காதில் முதலில் விழுவது 'க்', கை முதலில் போடவேண்டியது கொம்பு. அவன் 'க' வை எழுதிவிட்டு, கொம்புக்கு முன்னால் இடமில்லாமல் நிற்கிறான். அழிக்கிறான், திரும்ப எழுதுகிறான். ஒரு சொல்லுக்கு இவ்வளவு. பதினெட்டு வருடம் தமிழ் படிப்பிக்கிறேன், இந்த நிற்றலை எத்தனை பிள்ளைகளிடம் கவனயீனம் என்று சிவப்பு மையால் சுழித்திருப்பேனோ. நெஞ்சு கனக்கிறது.

ஜூன் 5, வியாழன்

அதிபரைச் சந்தித்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரமோ, சொல்வதைக் கேட்டு எழுத ஒருவரோ வேண்டுமென்றால் வைத்திய அறிக்கையோடு பாடசாலை மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். கண் தெரியாத பிள்ளைகளுக்கு பிரெயில் வினாத்தாளும், பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்தும் இருப்பது பலருக்குத் தெரியும். இவனுக்கு இருப்பதுபோல் வாசிப்பு, எழுத்து இடர்பாடு (டிஸ்லெக்சியா) என்றால் தயங்குகிறார்கள். "கை கால் நல்லாத்தானே இருக்கு டீச்சர், கொஞ்சம் கூடப் படிக்கச் சொல்லுங்க" என்றார் ஓர் ஆசிரியர். கோபப்படாமல் விடைத்தாளைக் காட்டினேன். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. 2016இல் அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் நாடு ஏற்றுக்கொண்டது. நான் யாரிடமும் தயவு கேட்டுப் போகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

போசன் பௌர்ணமி விடுமுறை. ஊரெல்லாம் கண்ணகை அம்மன் சடங்குக் காலம். குளிக்கும்போது, சடங்கில் பாடும் கண்ணகி வழக்குரையில் பத்துப் பதினைந்து வரியை ராகம் தப்பாமல் பாடினான். யாரும் படிப்பிக்கவில்லை, வருடா வருடம் கோயிலில் கேட்டதுதான்.

ஜூன் 14, சனி

இன்று நான் எழுத, அவன் சொல்லிப் பார்த்தோம். லேசென்று நினைத்திருந்தேன். "அது வந்து... இல்ல, வெட்டுங்கம்மா" என்றே அரை மணித்தியாலம் போய்விட்டது. பேசுவது வேறு, விடை சொல்வது வேறு. வசனத்தை மனதுக்குள் முடித்துவிட்டு வாயைத் திறக்கவேண்டும், எங்கே பந்தி பிரியவேண்டும் என்று அவனே சொல்லவேண்டும். கடைசி மாதத்தில் அனுமதிக் கடிதம் மட்டும் கையில் வந்தால் இதெல்லாம் எப்படிப் பழகுவான்?

என் பிழையையும் பிடித்தான். குறைந்து நின்ற ஒரு வசனத்தை என்னை அறியாமல் முடித்து எழுதிவிட்டேன். "நான் அப்படிச் சொல்லல்லையே அம்மா" என்று முகத்தைப் பார்த்தான். வெட்டினேன். அவனுடைய விடை அவனுடையதாகவே இருக்கவேண்டும், பிழையோடு என்றாலும்.

ஜூன் 17, செவ்வாய்

வைத்திய அறிக்கைக்குக் கிளினிக்கில் திகதி கிடைத்தது. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் வரும்போது பின்னால் இருந்து கேட்டான்: "தனி அறையில விடுவாங்களா? பெடியன்கள் என்ன நினைப்பானுகள்?" சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் கேட்டது அவன், பரீட்சை எழுதுவதும் அவன். "உனக்கு என்ன வேணும், மனே?"

கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நேரம் வேணும். எழுத ஆள் வேணாம். கணக்கில வசனக் கேள்விய மட்டும் யாராச்சும் வாசிச்சுக் காட்டினாப் போதும்."

வீட்டுக்கு வந்ததும் விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் அதை அப்படியே எழுதினேன். இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். சரி என்றான். நாளையிலிருந்து வரலாற்றுக்கு மணிக்கூட்டை வைத்து, அரை மணித்தியாலம் கூட்டிக் கொடுத்து எழுதிப் பார்க்கப்போகிறோம்.