கணினியில் இணையம் விட்டுவிட்டு வந்தால்

மகளின் கணினியில் இணையம் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. சேவை நிறுவனத்தை அழைப்பதற்கு முன், கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை. ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) ஒரு கட்டளைச் சாளரத்திலும், இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8க்கு இன்னொன்றிலும், பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். இணைப்பு அறும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து நின்றால் சிக்கல் கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில் இருக்கிறது, இரண்டாவது மட்டும் நின்றால் ரூட்டருக்கு அப்பால் பார்க்க வேண்டும். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞையே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்தே நின்றன. ரூட்டர் இருப்பது வரவேற்பறையில். அதற்கும் மகளின் அறைக்கும் நடுவே பாம் ஷெல்ட்டர், அதாவது குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பான சிற்றறை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அந்தச் சுவர் கம்பி கட்டிய கனத்த கான்கிரீட் என்பதால், வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைக் கடப்பதற்குள் தேய்ந்துவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு கடக்கும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (சேனல்கள்) அதில் 1, 6, 11 ஆகிய மூன்றுதான், அடுக்குமாடியில் அண்டை வீட்டு வைஃபைகள் எல்லாம் அவற்றில்தான் நெருக்கியடிக்கின்றன.

இத்தகைய வீட்டில் மேசைக் கணினிக்குக் கேபிள் இழுப்பதே உருப்படியான தீர்வு என்பது என் உறுதியான கருத்து. பழைய கேபிளானால் அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால் கணினியைச் சற்று நகர்த்தினாலே தொடர்பு விட்டுப்போகும், உள்ளிருக்கும் 8 கம்பிகளில் ஒன்று தளர்ந்தாலும் வேகம் 1,000 மெகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிடக்கூடும். கணினியின் ஈதர்நெட் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகம் என்ற வரியில் அதைப் பார்க்கலாம்.