டெர்மினல் நாட்குறிப்பு: முதல் ஸ்கிரிப்ட் வரை

ஜூன் 3

பைத்தான் நிரல்மொழிப் பாடம் எதைத் திறந்தாலும் முதல் வரியே "டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள்" என்றுதான் இருக்கிறது. சரி, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் அந்தச் சாளரத்தையே முதலில் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இன்று மூன்றே கட்டளைகள். நான் எந்தக் கோப்புறையில் நிற்கிறேன் என்று சொல்வது 'பிடபிள்யூடி'. அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டுவது 'எல்எஸ்'. வேறு கோப்புறைக்குப் போக 'சிடி'. புதியவர்களுக்கு இதில் முதலில் சொல்லித்தர வேண்டியது 'பிடபிள்யூடி' என்பேன். "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பிழை வரும்போது பல சமயம் கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும். நாம்தான் வேறு இடத்தில் நின்றுகொண்டிருப்போம்.

ஜூன் 5

கட்டளைப் பெயர்கள் ஏன் இப்படி ஆங்கிலத்தில் ரெண்டெழுத்து, மூன்றெழுத்தில் முடிகின்றன என்று தேடிப் படித்தேன். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-ல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கிய காலத்தில் டெலிடைப் என்ற தட்டச்சுப் பொறியில்தான் வேலை. திரை கிடையாது, எல்லாம் காகிதத்தில் அச்சாகும். மாடல் 33 என்ற டெலிடைப்பின் வேகம் நொடிக்கு 10 எழுத்து. அந்த வேகத்தில் ஒரு எழுத்து குறைந்தாலும் லாபம்தான்.

கோப்பை நகலெடுக்கும் 'சிபி' வேலை முடிந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. பிழை இல்லையென்றால் பேச்சும் இல்லை. நடந்ததா என்று உறுதிசெய்ய 'எக்கோ $?' என்று கேட்கலாம். 0 வந்தால் எல்லாம் சரி.

ஜூன் 9

'ஆர்எம்' அழித்தால் அழித்ததுதான், குப்பைத்தொட்டி கிடையாது. 'எந்தப் பெயரானாலும்' என்று பொருள்படும் நட்சத்திரக்குறியை (*) கோப்புப் பெயர்களாக விரிப்பது 'ஆர்எம்' அல்ல, நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல். அதனால் அதே குறியோடு முதலில் 'எல்எஸ்' கொடுத்தால் எவையெல்லாம் அழியப்போகின்றன என்று முன்கூட்டியே கண்ணில் தெரிந்துவிடும்.

ஜூன் 14

இன்று பைப், அதாவது ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் '|' குறி. இத்தனை நாள் படித்ததெல்லாம் இதற்காகத்தானோ என்று தோன்றுகிறது.

என் கட்டுரை ஒன்றில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று பார்க்க ஆசை. இதற்கென்று தனி நிரல் எதுவும் எழுதவில்லை. 'டிஆர்' இடைவெளிகளை எல்லாம் புதுவரியாக்கியது. வரிக்கு ஒரு சொல். '|' போட்டு 'சார்ட்' சேர்த்தேன். ஒரே சொற்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. அப்புறம் 'யுனிக் -சி'. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் எண்ணிக்கை வந்தது. மறுபடியும் 'சார்ட் -என்ஆர்', அதிக எண்ணிக்கை மேலே வந்தது. கடைசியில் 'ஹெட்', முதல் சில வரிகள் மட்டும் நின்றன. பட்டியலின் தலையில் 'என்று', அடுத்து 'ஒரு'.

நடுவில் 'சார்ட்' ஏன் என்றால், 'யுனிக்' அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். தள்ளி நிற்கும் அதே சொல் அதன் கண்ணில் படாது. இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டளையாகச் சேர்த்து, எண்டர் தட்டி, வந்ததைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சேர்த்தால் தானாகவே புரிகிறது. எனக்கு இதுதான் சிறந்த பயிற்சி.

தோட்டத்துக் குழாய்களை மாட்டுவதுபோல நிரல்களை ஒன்றோடொன்று மாட்ட வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மக்கில்ராய் 1964-லேயே எழுதிவைத்திருக்கிறார். கென் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தது 1973-ல்.

ஜூன் 17

கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் 'எக்கோ'வுக்கு 'எக்கோ தமிழ்' என்று கொடுத்து, பைப் வழியாக எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி'-க்கு அனுப்பினேன். குறிகளை எண்ணும் '-எம்' போட்டால் 6, பைட்டுகளை எண்ணும் '-சி' போட்டால் 16. விரல்விட்டு எண்ணினால் த, மி, ழ் என மூன்றே எழுத்து!

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும். ஆக மொத்தம் 5 குறிகள். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அதனால் 15. 'எக்கோ' கடைசியில் சேர்க்கும் புதுவரிக்கு இரண்டு கணக்கிலும் ஒன்று கூடுகிறது. பைத்தானில் நீளத்தைச் சொல்லும் 'லென்' இதே சொல்லுக்கு 5 என்று சொல்வதன் காரணமும் இப்போது விளங்குகிறது. தமிழில் நிரல் எழுத வருகிறவர்கள் இந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே செய்து பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 21

பைப் வரிசை முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி, முதல் வரியில் '#!' போட்டு ஷெல்லின் பாதையைக் கொடுத்தேன். கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் '$1'. 'சிஎச்மாட்' கொண்டு இயக்கும் அனுமதி கொடுத்ததும் ஓடியது. இனி எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் எண்ணித் தரும். என் முதல் ஸ்கிரிப்ட்!

'என்று' தனியாகவும், காற்புள்ளி ஒட்டிய 'என்று,' தனியாகவும் எண்ணப்படுகின்றன. 'டிஆர் -டி' கொடுத்து நிறுத்தக்குறிகளை நீக்கிவிடலாம். ஆனால் லினக்ஸில் இருக்கும் 'டிஆர்' பைட் பைட்டாக வேலை செய்வது. ஒற்றை பைட்டில் அடங்கும் காற்புள்ளி, முற்றுப்புள்ளிக்குச் சரி, தமிழ் எழுத்தைத் தொட விடக்கூடாது. அதற்கு, உரையில் தேடி மாற்றும் 'செட்' இருக்கிறது. நாளை 'மேன் செட்' கொடுத்து அதன் கையேட்டைப் படிக்க வேண்டும்.