ஐஎம்ஈஐ அழியவில்லை, மோடம்தான் எழும்பவில்லை

கஸ்ரம் றொம் (கம்பனி தந்த அன்ட்ரொயிட்டுக்குப் பதிலாக வேறு ஆட்கள் செய்த அன்ட்ரொயிட்) போட்ட போனில் நெற்வேர்க் போய், *#06# அடித்தால் ஐஎம்ஈஐ, அதாவது போனின் அடையாள இலக்கம், வெறுமையாக வருகிறதா? கடைக்கு ஓட முதல் செற்றிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் போய் பேஸ்பாண்ட் வரியைப் பாருங்கள்; சிக்னல் பிடிக்கிற மோடத்தின் மென்பொருள் பதிப்பைக் காட்டுகிற வரி அது. அந்த வரியை ஒருவராவது எனக்குக் காட்டியிருந்தால் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வீணாக அலைந்திருக்க மாட்டேன்.

என்னுடையது குவல்கொம் சிப் உள்ள பழைய ரெட்மி. பூற்லோடரை (வேறு றொம் ஏறவிடாமல் பூட்டியிருக்கிற தொடக்க மென்பொருள்) திறக்க 168 மணித்தியாலம் காத்திருந்தது, றொம் ஏற்ற உதவுகிற ரிக்கவரி போட்டது, றொம் ஏற்றியது எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. புது அன்ட்ரொயிட் நன்றாகவே எழும்பியது. சிம் மட்டும் இல்லை. வைஃபையும் வேலை செய்யவில்லை.

எங்கள் ஊர் மல்லாவியில் சிக்னல் இல்லை என்றால் போனை யாரும் சந்தேகப்படுவதில்லை. “டவருக்குக் கரண்ட் இல்லையாக்கும், பின்னேரம் வரும்” என்றார்கள். பின்னேரமும் வரவில்லை. பிறகு எல்லோரும் சிம்மில் பழியைப் போட்டார்கள். அம்மாவினது பழைய பட்டன் போன். என் நனோ சிம் அதில் நிற்காது. அதனால் மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் பஸ் பிடித்து, புதுச் சிம் எடுக்க வவுனியாவில் சிம் கம்பனியின் சேவை நிலையத்துக்குப் போனேன்.

வெகுநேரம் காத்திருந்து முன்னால் போனால், “சிம் உங்கட அம்மாவின்ர அடையாள அட்டையில இருக்கு, அவ நேரில வரவேணும்” என்றார் அங்கே இருந்தவர். அம்மாவின் அட்டைப் பிரதி கையில் இருந்தது, செல்லாது என்றார். அந்த விதியில் எனக்குக் கோபமில்லை. “அண்ணை, இந்தச் சிம்மை வேற ஒரு போனில போட்டு ஒருக்காப் பாருங்கோ” என்று கெஞ்சியும் அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. முழங்கால் நோவோடு இருக்கிற அம்மாவை அடுத்த கிழமை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் புதுச் சிம் எடுத்தோம். அதுவும் என் போனில் எழும்பவில்லை. அப்போதுதான் அதே ஆள் தன் போனில் போட்டுப் பார்த்து, “சிம் நல்லாத்தான் இருக்கு” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் போனைத் திறக்காமலே, “மதர்போட் போட்டுது தம்பி” என்று போன் வாங்கின விலையில் பாதியைக் கேட்டார். இன்னொரு கடையில், “ஐஎம்ஈஐ அழிஞ்சு போச்சு, வேற ஒண்டு எழுதித் தாறன், அரை மணித்தியால வேலை” என்றார்கள். போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இந்த இடத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கிற 15 இலக்கம்தான் உங்கள் போனின் அடையாளம். வேறு போனின் இலக்கத்தை உங்களுடையதில் ஏற்றினால், நாளைக்கு அது களவுபோன போன் என்று வந்தால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். வீட்டுக்கு வந்து அம்மாவின் போனில் ஐஎம்ஈஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பெட்டியில் இருந்த இலக்கத்தை 1909க்கு அனுப்பினேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் என் போன் ஒழுங்காக இருந்தது.

அன்றிரவுதான் பேஸ்பாண்ட் வரியைப் பார்த்தேன். ‘தெரியாது’ என்று கிடந்தது. விசயம் அங்கேதான் இருந்திருக்கிறது. மோடத்துக்கென்று தனி மென்பொருள் உண்டு. பெரும்பாலான றொம்கள் அதைத் தொடுவதில்லை. போனில் ஏற்கெனவே இருக்கிற பழையதே தொடர்ந்து கிடக்கும். புது றொம்முக்கும் அதற்கும் ஒத்துவராவிட்டால் மோடம் எழும்பாது. வீட்டுக்காரர் நித்திரையென்றால் படலையில் நின்று கூப்பிட்டு என்ன பயன்? ஐஎம்ஈஐ பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும், கேட்டால் சொல்ல மோடம் விழித்திருக்காது. பேஸ்பாண்ட் சரியாகக் காட்டி, ஐஎம்ஈஐ மட்டும் இல்லையென்றால் ஈஎஃப்எஸ் பகுதியில் (ஐஎம்ஈஐயும் மோடத்தின் அளவீடுகளும் இருக்கிற இடம்) சேதம் என்று யோசிக்கவேண்டும். அது வேறு வைத்தியம்.

என் மாடலுக்கும் பிராந்தியத்துக்கும் உரிய கம்பனி மென்பொருள் பல ஜிபி. மச்சானின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, இரவு டேட்டாவில் இறக்கினேன். விடியப்புறம் இணைப்பு அறுந்து திரும்பவும் முதலில் இருந்து. படங்களை யூஎஸ்பி வயரால் லப்டொப்புக்கு மாற்றிவிட்டு, போனை பாஸ்ற்பூற்றில் (லப்டொப்பில் இருந்து மென்பொருள் ஏற்றுகிற நிலை) வைத்து ஏற்றினேன். மி ஃபிளாஷ் என்கிற, ரெட்மிக்கு மென்பொருள் ஏற்றும் லப்டொப் செயலியைப் பாவிப்பவர்கள் அதன் கீழ்வரியைப் பாருங்கள்: எல்லாவற்றையும் அழித்து லொக் பண்ணுகிற தெரிவு அதில் தானாகவே நிற்கும். பிராந்தியம் மாறின மென்பொருளோடு லொக் விழுந்தால் போன் எழும்பாது. லொக் இல்லாத தெரிவுக்கு மாற்றிவிட்டே தொடங்கினேன்.

போன் எழும்பியதும் *#06# அடித்தேன். பெட்டியில் இருந்த அதே இலக்கம், ஒன்றும் பிசகாமல்! கொஞ்ச நேரத்தில் வங்கியின் ஓடிபி, மச்சானின் மிஸ்ட் கோல் என்று எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. கத்தியே விட்டேன்.

இனி றொம் மாற்றுகிற ஆட்களுக்கு: ரிக்கவரியில் ஈஎஃப்எஸ்ஸைத் தெரிவு செய்து பக்கப் எடுத்து, லப்டொப்பிலும் மெமரி காட்டிலும் போட்டு வையுங்கள். போனுக்குள்ளேயே விட்டால், டேட்டாவை ஃபோர்மற் பண்ணும்போது அதுவும் போய்விடும். இன்னொருவரின் ஈஎஃப்எஸ் பக்கப்பை, அதே மாடல் என்றாலும், உங்கள் போனில் ஏற்றவே வேண்டாம்; மோடத்தின் அளவீடுகள் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி.