நாலரை மணி அலாரம்

ஜூன் 24, 2020

இன்றிலிருந்து மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. எங்கள் வாசலில் அடித்த தகரம் அப்படியே இருக்கிறது. காலை நாலரைக்கு அப்பாவின் பட்டன் போன் அடித்தது, டீக்கடை திறக்க அவர் வைத்த அலாரம். யாருக்கும் அதை எடுத்துவிட மனசு வரவில்லை.

கொரோனா வார்டுக்குப் போகும்போது தம்பியின் போனை அப்பாவிடம் கொடுத்தனுப்பியது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று. பட்டன் போனோடு போயிருந்தால் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

ஜூன் 25

ஒரு டிக்.

ஜூன் 26

ராத்திரி பதினொன்றுக்குத்தான் இரண்டாவது டிக் வந்தது. சார்ஜ் போட பிளக் பாயிண்ட் தூரத்தில் இருக்கிறதாம். அம்மாவுக்கு வாட்ஸ்அப் திறக்கவே தெரியாது, ஆனால் டிக் கணக்கு பழகிவிட்டது. "நீலமாயிருச்சாடி?" என்று தோசைக் கரண்டியோடு வந்து நிற்கிறார்.

2016-ல் ஜியோ வந்தபோது நான் பிளஸ் டூ. ஆதார் நகலோடு வரிசையில் நின்று சிம் வாங்கித் தந்தவர் அப்பாதான். அப்புறம் நாலு வருஷமாக "எப்பப் பாரு போனு" என்று திட்டியவரும் அவர்தான். இன்று வீடியோ காலில் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. "கீழ இறக்குங்கப்பா" என்றேன். மூக்கில் குழாய் தெரிந்தது. மேலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 29

ராத்திரிச் செய்தியில் 59 செயலிகளுக்குத் தடை. நான் அசைன்மென்ட் பக்கங்களை ஸ்கேன் பண்ணும் கேம்ஸ்கேனரும் அதில் இருக்கிறது. தம்பி டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டான். டிக்டாக்.

"போன தடவை மூணு வாரத்துல திரும்பி வந்துச்சுல்லக்கா." வந்தது. 2019 ஏப்ரல் 3-ல் உயர் நீதிமன்றத்தின் இதே மதுரைக் கிளை தடுக்கச் சொல்லி, 24-ம் தேதி தடை நீங்கியது. ஆனால் அப்போது ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இது வேறு மாதிரித் தெரிகிறது.

அவன் போட்ட 112 வீடியோவில் பதினேழில் அப்பா இருக்கிறார். எல்லாம் அந்தச் செயலிக்குள். பாஸ்வேர்டு அவனுக்கே நினைவில்லை, திறந்திருப்பது அப்பா கையில் இருக்கிற போனில் மட்டும். எதை அழுத்தினால் சேமிக்கலாம் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போனான். என் போனைப் பிடுங்கிக்கொண்டேன். மூச்சு விடவே சிரமப்படுகிற மனிதரிடமா இந்த வேலையைச் சொல்வது? "உனக்குப் புரியாது" என்றான். அம்மா இருவரையும் அதட்டினார்.

ஜூன் 30

ஊரடங்கை நீட்டிவிட்டார்கள். சாயங்காலம் எதிர் வீட்டு அண்ணன் போனிலும் டிக்டாக் ஓடவில்லையாம். தம்பி சாப்பிடவில்லை.

ஜூலை 2

அவனை எல்லாரும் விளையாட்டுப் பிள்ளை என்றுதான் சொன்னோம், நானும் சொன்னேன். பத்தாவதில் ஆல் பாஸ் என்றதும் முழு நேரமும் அதிலேயே கிடந்தான். ஆனால் இந்த வீட்டில் அப்பாவின் குரலைச் சேர்த்து வைத்தவன் அவன் ஒருவன்தான். என் போனில் 3,000 படம் இருக்கிறது. அப்பா இருப்பது நான்கில். நான்கிலும் கல்யாண வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அன்று பிடுங்கியது சரியா? ஒரு நிமிஷ வேலைதானே. ஆனால் அன்று அவருக்கு ஒரு நிமிஷம் என்பது என்ன?

ஜூலை 5

போன் இல்லை. டிக்கும் இல்லை.

ஜூலை 6

தகரத்தைக் கழற்றினார்கள். ஆணி அடித்த ஓட்டை வாசல் நிலையில் அப்படியே இருக்கிறது.

ஜூலை 8

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் என்று புதிதாக வந்திருக்கிறது. வகுப்புத் தோழிகள் எல்லாரும் அதில்தான். தம்பியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தந்துவிட்டான்.

ஜூலை 9

காலை 6:10-க்கு அப்பாவிடமிருந்து ஒரு வீடியோ!

பக்கத்துக் கட்டிலில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறானாம். வந்த புதிதில் அப்பா ராத்திரியெல்லாம் தம்பியின் வீடியோக்களைத்தான் பார்த்திருக்கிறார், அவனுக்கும் காட்டியிருக்கிறார். அவன்தான் ஒன்றை போனில் இறக்கிக் கொடுத்திருக்கிறான். தடை வருவதற்கு முன்பே.

14 விநாடி. பாய்லர் ஆவிக்குப் பின்னால் அப்பா டீ ஆற்றுகிறார். டம்ளர் தலைக்கு மேல் போகிறது, கயிறு மாதிரி டீ இறங்குகிறது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல், "போதும்டா, பால் பொங்குது."

அம்மா கடைசி இரண்டு விநாடியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். தம்பி மொட்டைமாடிக்குப் போய்விட்டான். மற்ற பதினாறு?

ஜூலை 10

குழாயை எடுத்துவிட்டார்களாம். நர்ஸ் சொன்னார். அப்பா இன்னும் பேசவில்லை.

ஜூலை 11

இரண்டு டிக். நீலம் இல்லை.

ஜூலை 12

நாலரைக்கு அலாரம் அடிக்கவில்லை. மூன்று பேரும் விழித்துத்தான் கிடந்தோம். பட்டன் போனில் சார்ஜ் இல்லை, மெல்லிய பின் சார்ஜரின் ஒயர் அறுந்திருக்கிறது. ஞாயிறு, கடை எதுவும் இல்லை. எதிர் வீட்டுத் தாத்தாவிடம் அதே மாதிரி போன் உண்டு. விடிந்ததும் தம்பி கேட்கப் போயிருக்கிறான்.