ரூபாய்க்கு எத்தனை அணா வலி?

‘வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்கு 82 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, அடியில் ‘தேவைப்பட்டால் வரவும்’. அவ்வளவுதான்.

அந்த வலி மாத்திரை அப்பாவுக்குப் போதவில்லை. புரண்டு படுத்தாலே முகம் சுருங்கும். கேட்டால் ‘பரவாயில்லை’ என்பார். ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். யாரையும் எதற்கும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர் சுபாவம். நாங்களும் மருந்துக் கடைக்காரர் கொடுத்த ஜெல்லைத் தடவிக்கொண்டு இருந்தோம்.

அம்மாவுக்கு பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்காதான் வழி காட்டினார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. பி.பி., சுகர் மாத்திரைக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் அதில் உண்டு. ‘நோய் ஆதரவு சிகிச்சை’ (பாலியேட்டிவ் கேர்) என்று கேட்க வேண்டும். அக்கா பெயர் எழுதிக்கொண்டு போனார்; அந்த வாரமே சிஸ்டர் வந்துவிட்டார்.

அவர் வந்ததும் பி.பி. கருவியை எடுக்கவில்லை. கட்டில் ஓரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“வலி எப்படி இருக்கு தாத்தா?”

“பரவாயில்லம்மா.”

“பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி கேட்டது பிடிக்கவில்லையோ என்னவோ. சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய்னு வச்சுக்குங்க. இப்ப எத்தனை அணா?” என்றார். பழைய கணக்கில் ரூபாய்க்குப் பதினாறணா.

அப்பா உடனே சொன்னார்: “பதினாலணா. ராத்திரியில ரூபாயைத் தாண்டிடும்.”

அம்மா அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அறுபது வருஷம் கூட இருந்தவரிடம் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், வந்து கால் மணி நேரம் ஆகாத பெண்ணிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டார். முப்பது வயதுகூட இருக்காத அந்தப் பெண்ணுக்கு அணா எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எங்க ஆயா சொல்லும்க்கா” என்றார்.

பதினாலணாவுக்குச் சாதாரண மாத்திரை போதாது, அபினியிலிருந்து எடுக்கும் ‘மார்பின்’ என்ற வலி மருந்து வேண்டும் என்றார் சிஸ்டர். அது எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், மார்பினை வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் பல லைசென்ஸ்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எளிதாக வாங்கலாம் என்று ஆக்கினார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்கமே அனுமதி கொடுத்து அபினி பயிரிடும் நாட்டில், புற்றுநோய்க்காரர்கள் வலியில் கத்திக்கொண்டு கிடப்பதை என்னவென்று சொல்வது!

மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அப்பாவை அழைத்துப்போகவில்லை, பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, அப்பாவின் ஆதார், என் ஆதார், சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றைக் கொண்டுபோனேன். அங்கே ரெஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, எண்ணிக் கொடுத்தார்கள். அடுத்த முறை மீதி மாத்திரையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள்.

அன்று ராத்திரியே சென்னையிலிருந்து தம்பி போன் பண்ணினான். “அக்கா, அது போதை மருந்து. அப்பாவை அடிமையாக்கிடுவாங்க, மூச்சு நின்னுடும்னு போட்டிருக்கான்.” எங்கே போட்டிருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் எனக்குச் சொன்னதையே அவனுக்குச் சொன்னேன்: வலிக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் அந்த இரண்டும் அபூர்வம்; மலச்சிக்கல்தான் யாரையும் விடாது. அதனால் மார்பின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுதிவிடுகிறார்கள். மார்பினை நிறுத்தினால் மலமிளக்கியையும் நிறுத்தலாம், அதுவரை ஒருநாளும் விடக்கூடாது.

அப்பாவுக்கு எழுதியது 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு மட்டும் முழு மாத்திரை, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கொடுப்பது. இதை அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் கஷ்டமாக இருந்தது. ‘இப்பதான் வலியில்லாம இருக்காரே, எதுக்கு மாத்திரை’ என்று ஒளித்து வைத்துவிடுவார். முதல் இரண்டு நாள் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். பயந்துபோய் சிஸ்டருக்குப் போன் போட்டோம். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, “எத்தனை நாள் தூக்கமோ, தூங்கட்டும்” என்றார். அப்புறம் ஒரு காலையில் எழுந்து காபி கேட்டார். எத்தனை அணா என்றேன். “நாலணா. அது இருந்துட்டுப் போகட்டும்.”

வலி அடங்கிய பிறகுதான் மற்ற வேலைகளையே செய்ய முடிந்தது. அதற்கு முன்பு அவரைத் தொடவே விடவில்லை, பிறகெங்கே புரட்டிப் படுக்க வைப்பது!

படுக்கைப்புண் விஷயத்தை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் சிவந்திருந்தது. சிஸ்டர் என் விரலைப் பிடித்து அதன் மேல் அழுத்தி எடுக்கச் சொன்னார். அழுத்தி எடுத்ததும் வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் சேதமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் பண்ணக் கூடாது. பவுடர் கொட்டக் கூடாது. நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையத்தை எதிர்வீட்டுக்காரர் அன்போடு கொடுத்தார்; அதுவும் கூடாதாம், வளையம் அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் குறையும்.

செய்ய வேண்டியது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது. முழுக்க ஒருக்களிக்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணையைக் கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. தூக்குவதற்கு அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வைத்திருந்தோம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சொல்லி ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உரியும். முதுகெலும்பில் நோய் இருப்பதால் இடுப்பை முறுக்காமல், தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஆல்ஃபா பெட் என்கிற காற்று மெத்தையும் வாங்கினோம். அது இருந்தாலும் புரட்டுவதை விடக் கூடாது.

மூத்திரப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். எலும்பு வலிக்கு ஒரே தடவை கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. அப்பா காரில் ஏறும் நிலையில் இருந்தபோதே அதைச் செய்துவிட்டது பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

சாப்பாடு குறைந்தபோதுதான் வீட்டில் சண்டை வந்தது. கஞ்சி இரண்டு ஸ்பூன், இளநீர் ஒரு வாய், அப்புறம் தலையைத் திருப்பிக்கொள்வார். சித்தப்பா ஊரிலிருந்து வந்து, “அண்ணனைப் பட்டினி போட்டுக் கொல்றீங்களா? ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்க” என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டார். சிஸ்டர் அவரைத் திண்ணைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். அதற்காக நரம்பைத் தேடித் தேடிக் குத்த வேண்டும். உடம்பு ஏற்காத தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் சேர்ந்து மூச்சு முட்டும். “அவர் சாப்பிடாததால சாகப்போறதில்லை அய்யா. கடைசிக் காலம் நெருங்கிட்டதால பசி நின்னுபோச்சு.” சித்தப்பா முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கும் ஒரு வேலை கொடுத்தார் சிஸ்டர்: சோடா உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து வாயைத் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவுவது. வேறு யாரையும் அதைச் செய்ய விடவில்லை மனிதர்.

இனி என்னென்ன நடக்கும் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். கை கால் சில்லிடும். மூத்திரம் குறைந்து கறுக்கும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கிற நமக்குத்தான் அது வேதனை, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், மருந்தும் உண்டு. விழுங்க முடியாமல் போனதும் தோளெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசியைப் பொருத்திப் பிளாஸ்திரி ஒட்டி, மார்பினை அதன் வழியாகக் கொடுக்கச் சொல்லித்தந்தார். ‘108ஐக் கூப்பிடலாமா’ என்று தம்பி கேட்டான். கூப்பிட்டால் எமர்ஜென்சியில் டியூப் போடுவார்கள், அப்பாவுக்கு அது வேண்டாம் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். கூப்பிடவில்லை. தம்பியும் லீவு போட்டுக் கிளம்பி வந்துவிட்டான். ஒரு விடியற்காலையில் அப்பா போனார், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்தோம்.

வீட்டில் இறந்தால் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்க வேண்டும். இதை அவரிடம் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. கிராமமாக இருந்தால் வி.ஏ.ஓ.விடம் 21 நாளுக்குள் பதிய வேண்டும். காரியத்துக்கு அலைகிற நேரத்தில் நாள் ஓடுவதே தெரியாது. தாமதமானால் கட்டணம், விளக்கம் என்று இழுக்கும்.

மீதமிருந்த மார்பின் மாத்திரைகளை மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்து, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஆல்ஃபா பெட்டை அடுத்த தெருவில் பக்கவாதத்தில் கிடக்கும் பாட்டிக்குக் கேட்டார் சிஸ்டர். நானே கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தேன். ராத்திரியில் மோட்டார் கொஞ்சம் இரையும், அடியில் ஒரு கோணியை மடித்து வையுங்கள் என்று அந்த வீட்டு மருமகளிடம் சொன்னேன். அவர் கேட்டது வேறு: “அக்கா, எங்க அத்தையும் பரவாயில்லைன்னுதான் சொல்லுது. அந்த சிஸ்டர் நம்பர் இருக்கா?”