டெலிமெடிசின் பற்றிப் பேராசிரியர்களிடம் கேட்டு ஒரு தீசிஸ் முடித்த கதை

கம்யூனிட்டி மெடிசினில் எம்.டி. சேர்ந்தால் தீசிஸிலிருந்து தப்ப முடியாது. சேலத்தில் நான் படித்த கல்லூரியில் கைடு கொடுத்த தலைப்பு, மருத்துவ ஆசிரியர்கள் டெலிமெடிசினை, அதாவது ஃபோன், வீடியோ வழியே வைத்தியம் பார்ப்பதை, எப்படி நினைக்கிறார்கள் என்பது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஏற்காட்டு மலைக்கிராமத்து ஆள் ஒருவர் தோல் அரிப்பைக் காட்ட 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, ஓ.பி. சீட்டு வாங்கி, திரும்ப மேலே ஏறுவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும்.

முதலில், ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி. ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுகளுக்கு விரைவுப் பரிசீலனை உண்டு என்று ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. அந்த தைரியத்தில் விண்ணப்பித்தேன். தமிழ் ஒப்புதல் படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பங்கேற்பவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் பாடம் எடுக்கும் பேராசிரியர்கள்! சரி என்று எழுதிக் கொடுத்தேன். கடைசிவரை யாரும் அந்தப் படிவத்தைக் கேட்கவில்லை.

கேள்வித்தாளில் 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம். 'டெலிமெடிசின் கிராம மக்களுக்குப் பயன்படும்' என்ற வரிக்கு எல்லாரும் தாராளமாக உடன்பட்டார்கள். 'என் நோயாளிகளை நானே இப்படிப் பார்ப்பேன்' என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். பலர் நடுக்கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத் தாளை நீட்டினார்கள்.

கேள்வித்தாளைச் சிலரிடம் முன்னோட்டம் பார்த்த பைலட்டில் ஒரு சர்ஜரி பேராசிரியர், "ஏம்மா, வயித்துல கை வைக்காம அப்பெண்டிக்ஸ்னு எப்படிச் சொல்றது?" என்றார். நியாயம்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே டியூட்டியில் இருந்த பி.ஜி. மாணவர் வாட்ஸ்அப்பில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே அனுப்பினார். சார் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஐ.சி.டி. போட ரெடி பண்ணு, வர்றேன்" என்று நெஞ்சில் குழாய் போடத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, 'டெலிமெடிசின் பயன்படுத்துவேன்' என்ற வரிக்கு 'மறுக்கிறேன்' என்று டிக் அடித்தார். டாக்டருக்கு டாக்டர் சொல்லும் ஆலோசனையும், அது வாட்ஸ்அப் வழியே நடந்தாலும், 2020 மார்ச் 25-இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்களில் அடக்கம். கைடிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, 'கடந்த மாதம் வேறு டாக்டருக்கு ஃபோனில் ஆலோசனை சொன்னீர்களா?' என்று ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார். அதற்கும் கமிட்டிக்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், தீசிஸிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

துறைக்குத் துறை பேச்சு மாறியது. ஸ்கின் டிபார்ட்மென்டில் யாருக்கும் தயக்கம் இல்லை. மங்கலான ஃபோட்டோதான் தலைவலி என்றார்கள். சைக்கியாட்ரியில் ஃபாலோ-அப்புக்கு ஆர்வம் இருந்தது, ஆனால் கடும் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை ஃபோனில் எழுத முடியாதே என்றார்கள். மெடிசினில் ஒரு மூத்த மேடம், "ஸ்டெத்ல இதயத்தோட மர்மர் சத்தம் கேட்கத் தெரியாத பையன் ஸ்க்ரீன்ல என்னத்தைப் பார்ப்பான்?" என்று கேட்டார். எம்.பி.பி.எஸ். மாணவர்களைப் பொறுத்தவரை மேடம் சொன்னதுதான் சரி. அதற்காக ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பிரஷர் மாத்திரையைத் தொடரச் சொல்லவும் நோயாளியை மலையிலிருந்து இறக்க வேண்டுமா?

எல்லாத் துறையிலும் கேட்ட பயம், கோர்ட் கேஸ் வந்தால் யார் பொறுப்பு என்பது. நேரில் பார்த்தே ஆக வேண்டுமா என்ற முடிவை வழிகாட்டுதல்கள் டாக்டரிடமே விடுகின்றன. பேசியது, எழுதியது எல்லாவற்றையும் பதிவாக வைத்திருக்கவும் சொல்கின்றன. ஆனால் நான் பேசியவர்களில் அந்த வழிகாட்டுதல்களை முழுதாகப் படித்தவர்கள் குறைவு.

அப்புறம் எக்செல், புள்ளிவிவரம், திருத்தத்துக்கு மேல் திருத்தம். அதெல்லாம் எல்லா தீசிஸுக்கும் உள்ளதுதான்.

இதே மாதிரித் தலைப்பு எடுக்கும் ஜூனியர்களுக்கு ஒன்று: கூகுள் ஃபார்மை நம்பாதீர்கள், யாரும் திறக்க மாட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு ஓ.பி. முடியும் நேரத்தில் போய் நில்லுங்கள். பிராக்டிகல் தேர்வு நடக்கும் வாரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடைசிப் பக்கத்தில் பாதியைக் காலியாக விடுங்கள். கட்டத்தில் டிக் அடிக்கத் தயங்கியவர்கள்தான் அங்கே பத்தி பத்தியாக எழுதிக் கொடுத்தார்கள்.